ஈழம்: ஒரு பெயரும் அதன் பொருள்களும்

நாட்டுப் பெயர்கள் பற்றிய ஆராய்ச்சி நம்மிடையே பெரும்பாலும் உரிமைப் பத்திரம் தேடும் முயற்சியாகவே அமைந்துவிடுகின்றது. பெயரின் மூலத்தை நிறுவினால் மண்ணின் உரிமையும் நிறுவப்பட்டுவிடும் என்பது அதன் எடுகோள். 'ஈழம்' என்ற சொல் பற்றிய விவாதம் இதற்குத் தக்க சான்றாகும்.

பாளி மொழியின் 'சீஹள' என்பதே சகரங் கெட்டு 'ஈழம்' ஆயிற்று என்பது கால்டுவெல் முதலானோர் கருத்து. 'ஸஹஸ்ர' என்பது 'ஆயிரம்' ஆனதை இதற்கு ஒப்புமை காட்டுவர். ஈழமே மூலம், சீஹள அதன் திரிபு என்பது மறுதரப்பு. முடிவில் முரண்படும் இவ்விரு தரப்பும் எடுகோளில் ஒன்றுபடுகின்றன என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது.

'சீஹள' கடல்வழியும் சென்றது. ஆறாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலில் 'சீலெதிபா' எனவும், அராபியரிடம் 'சரந்தீப்' எனவும், ஆங்கிலேயரிடம் 'சிலோன்' எனவும் அது வழங்கிற்று. சரந்தீப்பின் மூன்று இளவரசர் கதையிலிருந்து 1754இல் ஹொறஸ் வால்போல் 'செரெண்டிப்பிற்றி' என்ற சொல்லை ஆக்கினார். தேடாத ஒன்றைத் தற்செயலாகக் கண்டடைதல் என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் இத்தீவைக் கண்டடைந்ததோ தற்செயலாக அன்று. அவர்களை இங்கு கொணர்ந்தது வணிக மூலதனம், சொல்மூலம் அன்று.

தமிழிலே ஈழம் என்பதற்குப் பொன், கள் என்னும் பொருள்களும் உண்டு. மூலம் தேடுவோர் இவற்றை எளிதிற் கடந்துவிடுகின்றனர். ஆயின் பல்லவர், சோழர் சாசனங்களிற் காணப்படும் 'ஈழப்பூட்சி' கள்ளிறக்குவோர் மீதான வரியாகும். கி.பி. 849இன் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு ஈழவர் குடிகள் அளிக்கப்பட்டதைக் கூறுகின்றது. நிலத்தோடு மனிதரும் கொடைப்பொருளாயினர். ஈழவர் இலங்கையிலிருந்து வந்தோரா, தொழிலாற் பெயர்பெற்றோரா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அவர்தம் உழைப்பு வரிக்கும் கொடைக்கும் உட்பட்டது என்பதோ விவாதத்துக்குரியதன்று.

திருப்பரங்குன்றத்துப் பிராமிச் சாசனம், ஐராவதம் மகாதேவனின் வாசிப்பின்படி, எருக்காட்டூரில் வாழ்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனைக் குறிக்கின்றது. அவன் பேசிய மொழி யாதென அச்சாசனம் கூறவில்லை. கடல் கடந்த மக்கட் போக்குவரத்தையே அது சான்றுபடுத்துகின்றது.

ஒரு பெயரின் வரலாறு அதனை வழங்கிய மக்களின் உற்பத்தி உறவுகளிலே தங்கியுள்ளது. அதனை விடுத்து வேர்ச்சொல்லை மட்டும் அகழும் ஆய்வு, இன்றைய இனவாதத்துக்குப் பண்டைய முத்திரை வழங்குவதாகவே முடியும்.