குருவியும் பனங்காயும்

பிரிஸ்டல் எஞ்சின் இனி வராது என்று 1961-இல் ஆனபோது, இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் தன் சிறிய, இலேசான ஏஸ் காருக்கு மாற்று எஞ்சின் தேட வேண்டியிருந்தது. இதய நோயால் பந்தய ஓட்டத்தை விட்டிருந்த டெக்ஸஸ்காரர் கரோல் ஷெல்பி, அமெரிக்க வி-8 ஒன்றைப் பொருத்தலாம் என்றார். அப்படித்தான் 1962-இல் கோப்ரா பிறந்தது.

குருவி தலையில் பனங்காய் என்று இதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் ஃபோர்டின் அந்த 260 கன அங்குல எஞ்சின் பனங்காய் அல்ல. மெல்லிய சுவர்களோடு வார்த்த இரும்பு. கொள்ளளவுக்கு எடை குறைவு. முன்பக்கம் பெரிதாகக் கனக்காமலே குதிரைத்திறன் ஏறக்குறைய இரு மடங்கானது. முதல் கோப்ராவின் வெற்றியை வெறும் முரட்டுப் பலமாகப் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

குறை நீண்ட நேர்பாதையில் தெரிந்தது. எடை குறைந்தால் வண்டி சட்டென்று சீறும். காற்று அதற்காக வழிவிடாது. கூரையில்லாத கோப்ரா, பிரான்சின் லெ மான்ஸ் பந்தயப் பாதையின் நேர்பாதையில் ஃபெராரி ஜிடிஓவிடம் பின்தங்கியது. ஷெல்பியிடம் வேலை செய்த வடிவமைப்பாளர் பீட் பிராக் எஞ்சினைத் தொடாமல் மேலே மூடிய உடலை வரைந்தார். அந்த டேடோனா கூபே, அதற்குள் 4.7 லிட்டராகியிருந்த அதே சிறிய வகை எஞ்சினுடனேயே 1964 லெ மான்ஸில் ஜிடி பிரிவை வென்றது. 1965-இல் உலக ஜிடி பட்டமும் கிடைத்தது. ஃபெராரி அந்த ஆண்டு முழு மூச்சாக மோதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் ஆசை ஏழு லிட்டருக்குப் போனது. பழைய லீஃப் ஸ்பிரிங் சட்டத்திலேயே 427 கன அங்குல எஞ்சினைத் திணித்த சோதனை வண்டியை, 1964 செப்ரிங் பயிற்சியில் ஷெல்பியின் ஓட்டுநர் கென் மைல்ஸ் மரத்தில் மோதவிட்டார். பிறகு சட்டக் குழாய்கள் மூன்று அங்குலத்திலிருந்து நான்காயின, காயில் ஸ்பிரிங் வந்தது, டயர் அகன்றது, உடல் புடைத்தது. எஞ்சினைத் தாங்க வண்டி கனத்தது; இலேசு என்ற முதல் ஆதாயத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. ஜிடி அங்கீகாரத்துக்குத் தேவையான 100 வண்டிகள் உரிய காலத்தில் தயாராகவில்லை. அது தொழிற்சாலையின் தவறு, வடிவமைப்பின் தலையில் கட்டக்கூடாது. அமெரிக்க கிளப் பந்தயங்களில் 427 வென்றது உண்மை. ஆனால் உலகப் பட்டம் தந்தது சிறிய எஞ்சின்தான்.

இன்று நகல் செய்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் புடைத்த 427-ஐத்தான் செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று 427 என்று விற்ற சாலை வண்டிகள் பலவற்றில் இருந்தது பந்தயத்துக்காகச் செய்யாத, விலை மலிவான 428.