கவிழ்த்துப் பிடித்த போத்தல்

தெக்கோங் தீவில், படையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் பயிற்சிக்கு முன் வரிசையில் நின்று தண்ணீர் குடிப்பார்கள். ‘வாட்டர் பரேட்’ என்று பெயர். குடித்து முடித்ததும் போத்தலைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். சொட்டு விழக் கூடாது. சிங்கப்பூரில் தேசிய சேவை செய்த யாரைக் கேட்டாலும் நடித்தே காட்டுவார்கள். படைக்குள் பணியிடப் பாதுகாப்பு நடக்கும் விதம் முழுவதும் அந்தப் போத்தலில் இருக்கிறது. கட்டளையாக வருகிறது, கூட்டமாக நிறைவேறுகிறது, மேலதிகாரியின் கண்ணுக்குத் தெரியும்படி முடிகிறது.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கும் பதினெட்டு வயதுப் பையனைக் குடிக்கவைக்கக் கட்டளையைவிட நல்ல வழி கிடையாது. வெயிலில் உழைக்கும் உடம்புக்கு வரும் ஆபத்தை அளக்கும் முறையே படைமுகாமில் பிறந்ததுதான். 1950களில், தென் கரோலைனாவின் பாரிஸ் தீவு மரீன் முகாமில் பயிற்சி வீரர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்தபோது உருவானது ‘வெட் பல்ப் குளோப்’ அளவை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்குப் பத்தில் ஏழு பங்கு, வெயில் வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு இரண்டு, நாம் வழக்கமாகப் பார்க்கும் காற்றின் வெப்பத்துக்கு ஒன்றே ஒன்று. வியர்வை உலராத சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு இந்தக் கணக்கு கச்சிதம். இதை வைத்தே சிங்கப்பூர் ஆயுதப் படை, எத்தனை நிமிடம் உழைப்பு, எத்தனை நிமிடம் ஓய்வு என்று வகுக்கிறது.

2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு இதே அளவையைக் கட்டுமானத் தளங்களுக்கும் கொண்டுவந்தது. 32 பாகையைத் தொட்டால் கடும் வேலை செய்பவருக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வாவது கொடுத்தாக வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து வந்து கம்பி கட்டுகிறவர் நிழலில் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தில் படைமுகாமுக்கும் பங்கு உண்டு.

ஆனால் படைப் பயிற்சியில் சாவுகள் நடந்த இடங்களைப் பார்த்தால், விதி இல்லாததால் நடந்தவை அல்ல அவை. 2012இல் ஒரு பயிற்சியில் இரண்டு புகைக் குண்டுகளுக்கு மேல் வீசக் கூடாது என்றிருக்க, ஆறு வீசப்பட்டன. அந்தப் புகை ஒத்துக்கொள்ளாமல் ஓர் இளைஞர் இறந்தார். 2019 ஜனவரியில் நியூசிலாந்தில் பீரங்கி வண்டிக்குள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த நடிகர் அலோய்சியஸ் பாங், கீழே இறங்கிய குழலில் நசுங்கி இறந்தார். குழல் நகரப் போகிறது என்ற எச்சரிக்கை ஒலித்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் மூன்றே பேர். அத்தனை சிறிய அறைக்குள், ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டாரா என்று உறுதிசெய்யாமலே குழல் இறங்கியது. விதி எழுத்தில் இருந்தது. ‘நிறுத்து’ என்று சொல்லும் வாய்தான் இல்லை. கீழ்ப்படியப் பழக்கும் இடத்தில் அந்த வாயை வளர்ப்பது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த மரணத்துக்குப் பின் பயிற்சியின் நீளமும் வேகமும் குறைக்கப்பட்டன. படைத் தலைவரிடமே நேரடியாக அறிக்கை கொடுக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் உருவானது. பாராட்டலாம். ஆனாலும் விதி எழுதுபவர், நடத்துபவர், சோதிப்பவர் எல்லோரும் ஒரே மரத்தின் கிளைகள். வெளி நிபுணர் குழு 2013 முதல் உண்டு. அது ஆலோசனை சொல்லும், அபராதம் போடாது. கட்டுமானத் தளத்துக்கு அமைச்சின் ஆய்வாளர் சொல்லாமல் வந்து வேலையை நிறுத்தலாம். படைப் பயிற்சிக்குள் அப்படி வெளியாள் யாரும் வருவதில்லை.

சட்டமும் அதே பக்கம்தான் சாய்கிறது. பணியில் நேரும் சாவுக்கும் காயத்துக்கும் அரசின் மீது நட்டஈட்டு வழக்குப் போட முடியாதபடி அரசு வழக்குகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு காக்கிறது. புகைக் குண்டு வழக்கை உயர் நீதிமன்றம் 2016இல் இதைக் காட்டித்தான் தள்ளுபடி செய்தது. தனி வீரர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம், நின்றும் இருக்கிறார்கள், அமைப்பு நிற்காது. கட்டளையிடுபவர் நீதிமன்றத்தை நினைத்துத் தயங்கினால் போர் நடக்காது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். போர்முனைக்கு அது சரி. அமைதிக்காலத்து எட்டுக் கிலோமீட்டர் விரைவு நடைக்கு அதை எப்படி நீட்டுவது?

இந்தப் பிரிவின் மூதாதை பிரிட்டனின் 1947ஆம் ஆண்டுச் சட்டம். அந்த விலக்கை பிரிட்டன் 1987இலேயே நிறுத்திவைத்துவிட்டது. 2013 ஜூலையில் வேல்சின் பிரெக்கன் மலையில் சிறப்புப் படைத் தேர்வின்போது வெப்பத்தால் மூன்று பேர் இறந்தனர். ஒவ்வொருவரும் இடங்காட்டிக் கருவி அணிந்திருந்தார்கள். ஒரு புள்ளி நகராமல் நின்றதை உரிய நேரத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. படைக்கு வெளியிலுள்ள பணிப் பாதுகாப்பு ஆணையம் பாதுகாப்பு அமைச்சைப் பகிரங்கமாகக் கண்டித்தது. வழக்குத் தொடர அதற்கு அதிகாரமில்லை, பல்லில்லாத கண்டனம்தான். ஆனால் வெளியாள் எழுதியது.

இன்னொன்று, சிங்கப்பூரில் இதெல்லாம் சாவைச் சுற்றியே சுழலும் ஏற்பாடு. இரைச்சலில் மந்தமாகும் காது, மூட்டைச் சுமையில் தேயும் முழங்கால் ஆகியவற்றுக்காக யாரும் பயிற்சியை நிறுத்துவதில்லை.

ஆபத்தைக் கண்டால் சொல்லத் தொலைபேசி எண் உண்டு, நாள் முழுதும். அதைச் சுழற்ற நினைக்கும் பையனுக்குச் சனிக்கிழமை வீட்டுக்குப் போக அனுமதி தர வேண்டியவர், அவன் புகார் சொல்லப்போகும் அதே சார்ஜண்ட்.