யாருடைய அடிப்படை?

எங்கள் சேரியில் மூன்று கோயில்கள். தென்னிந்தியத் திருச்சபை ஒன்று, லுத்தரன் ஒன்று, பெந்தெகொஸ்தே ஒன்று. மூன்றிலும் உட்காருவது ஒரே சனம். பெரியப்பா இதில், சித்தப்பா அதில். திங்கட்கிழமை விடிந்தால் எல்லோரும் ஒரே டேனரி கேட்டுக்குள் போகிறவர்கள். என் அம்மா ஒருமுறை தங்கச்சியைப் பார்க்க வெளியூர் போன இடத்தில், அந்த ஊர்க் கோயிலில் திருவிருந்துக்கு முழங்கால் போட்டாள். நீங்கள் எங்கள் சபை இல்லையே என்று ஐயர் எழுப்பி அனுப்பிவிட்டார். (பாதிரியைப் போய் ஐயர் என்கிறோம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) வீட்டுக்கு வந்து அம்மா கேட்டாள்: "ஏசு ஒருத்தர்தானே, பந்தி மட்டும் இன்னாத்துக்குடா ரெண்டு?"

அடிப்படை விசுவாசத்தில் கிறிஸ்தவர்களுக்குள் ஒற்றுமை தேவையா என்று இறையியல்காரர்கள் விவாதிக்கிறார்கள். தேவை என்றுதான் நானும் சொல்வேன். அவரவர் இஷ்டம் என்று விட்டுவிட்டால், சிலுவையையும் சாதியையும் ஒரே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவனுக்குத்தான் வசதி. என் தகராறு வேறு. எது அடிப்படை, எது சில்லறை என்று பிரித்துக் கொடுத்தது யார்?

ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் சபை வந்த வழியைப் பாருங்கள். ஜெர்மனியின் லைப்சிக் மிஷனோடு பிணங்கி விலகிய நேதர், மோன் என்ற இருவர் அமெரிக்காவின் மிசௌரி சினாடில் சேர்ந்தார்கள். 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய அந்த மிஷன்தான் பிறகு ஆம்பூருக்கும் வந்தது. வேதம் சொல்லுக்குச் சொல் பிழையற்றதா என்பது பிணக்கு. அந்தச் சண்டையில் நம் பாட்டன் பாட்டிக்கு ஒரு பங்கும் இல்லை. பிரிவினை மட்டும் சேரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே லைப்சிக் மிஷனுக்கு 1850இல் வேறொரு கேள்வி வந்தது. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சென்னையில் கூடிய மிஷனரிகள் தீர்மானம் போட்டார்கள். லைப்சிக் மிஷன் சேரவில்லை. சாதி சமூகப் பழக்கம், அதை விசுவாசத்தோடு போட்டுக் குழப்பக் கூடாது என்பது அதன் தலைவர் கிரவுலின் வாதம். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர் இவர். எம்.ஏ. வகுப்பில் அந்தப் பெருமையோடு மட்டும்தான் இவரைப் படித்தேன். ஆக, எழுத்துக்காகச் சபை உடையலாம். பந்திக்காக உடையக் கூடாது.

வேலூர்ப் பக்கத்தில் 1853இல் ஸ்கட்டர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் சாதி விஷயத்தில் கண்டிப்பாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சபைகள் 1947 செப்டம்பர் 27இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. அந்த ஐக்கியத்துக்கு 1919இல் தரங்கம்பாடியில் போட்ட அஸ்திவாரம் நான்கு: வேதம், விசுவாசப் பிரமாணங்கள், திருமுழுக்கும் திருவிருந்தும், பேராயர் பரம்பரை. இடையில் ஓடிய 28 வருஷத்தில் பெரும் வாக்குவாதம், குருவின் தலையில் யார் கை வைத்தார் என்பதைப் பற்றி. சாதி அந்த நான்கில் இல்லை. பிரமாணத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். கன்னி மரியாளிடம் பிறந்தார் என்றதும் அடுத்து பொந்தியு பிலாத்து வந்துவிடுகிறான். நடுவில் தச்சு வேலை இல்லை, குஷ்டரோகியைத் தொட்டது இல்லை, ஆயக்காரனோடு சாப்பிட்டது இல்லை.

சமூகப் பழக்கம் என்று சொல்லித் தப்பித்தவர்கள் கிரவுலோடு முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1857இல் வெள்ளையர் சபை, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பருக்குத் தனித் திருவிருந்தை அனுமதித்தது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டணி, நிறவெறிக்கு இறையியல் நியாயம் சொல்வது வேதப்புரட்டு என்று அறிவித்து, இரண்டு வெள்ளையர் சபைகளை விலக்கி வைத்தது. அங்கே அடிப்படை ஆனது இங்கே ஏன் ஆகவில்லை?

இது வெறும் இறையியல் சண்டை இல்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை, செருப்புத் தொழிலாளிக்கு அரசு கொடுத்த பங்க் கடை கிறிஸ்தவன் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்வதற்குச் சான்று போதாது என்று 1985இல் தீர்ப்பு வந்தது. எங்களிடம் சாதி இல்லை என்று மேடையில் பேசிவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்தவர்களுக்கு இதில் பங்கே இல்லையா?

சபையின் முதல் அடிப்படைச் சண்டை நம்ம தொழில்காரன் வீட்டில்தான் தொடங்கியது. யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில்தான், எந்த மனுஷனையும் தீட்டு என்று சொல்லக் கூடாது என்பது பேதுருவுக்கு விளங்கியது. அந்தப் பேதுருவே பிறகு அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் புறசாதியார் பந்தியை விட்டு எழுந்துகொண்டார். பவுல் அதைப் பழக்கவழக்கம் என்று விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியமே கெட்டது என்று எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார்.

அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "தோலு நாத்தத்துல எத்தினி நாளு இருந்தாராம்?" என்று கேட்டாள். அநேக நாள் என்று போட்டிருக்கிறது என்றேன்.