துர்க்கானா ஏரிக்கரையில் உல்லாசப் பயணம்: காட்சியும் உரிமையும்

பண்பாட்டைக் காட்சிப்பொருளாக்கும் உல்லாசப் பயணத்தை மதிப்பிட முனைவோர் பெரும்பாலும் ஒரு வினாவையே எழுப்புவர்: காட்டப்படுவது உண்மையானதா, போலியானதா? கென்யாவின் வடபாலுள்ள துர்க்கானா ஏரிக்கரையை எடுத்து நோக்குமிடத்து, இவ்வினா போதியதன்று என்பது புலனாகும்.

இவ்வேரி பாலைநிலத்தின் நடுவே கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. 1888 இல் அங்கு சென்ற தெலெக்கி, ஹோனெல் என்னும் ஐரோப்பியர் ஒஸ்ரிய முடிக்குரிய இளவரசர் ருடோல்பின் பெயரை அதற்குச் சூட்டினர். 1975 இல் கென்ய அரசு அப்பெயரை நீக்கித் துர்க்கானா எனப் பெயரிட்டது. ஆயினும் துர்க்கானா என்பது கரைவாழ் இனக்குழுக்களுள் ஒன்றின் பெயரே. சம்புரு, ரெண்டில்லே, கப்ரா, டசனெச், எல் மோலோ ஆகியோரும் அப்பிரதேசத்தவரே. பெயரிடும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்ற வினா அங்கு பழையது. உல்லாசப் பயணம் அதனைப் புதிய வடிவில் எழுப்புகின்றது.

பயணிக்கென ஒழுங்குசெய்யப்பட்ட ‘உண்மைத்தன்மை’ பற்றி டீன் மக்கனல் 1970களில் எழுதினார். பின்னர், 1994 இல், எட்வேட் புறூணரும் பாபரா கேர்ஷன்பிளாற்-கிம்பிளெற்றும் நைரோபிக்கு அண்மையிலிருந்த மேயர்ஸ் பண்ணையை ஆராய்ந்தனர். ஆங்கிலேயக் குடியேறிகளின் குடும்பமொன்று நடத்திய அப்பண்ணையில் மசாய் மக்கள் ஆடினர். ஆட்டம் முடிந்ததும் பயணிகள் புற்றரையில் அமர்ந்து தேநீர் அருந்தினர். ஆடுவோரின் கைக்கடிகாரம் முதலியன பார்வையாளர் கண்ணிற் படலாகாது என்பது அங்கு விதி. தம் காலத்தில் வாழும் உரிமையே அம்மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது எனலாம்.

இதே தருக்கம் எல் மோலோ மக்கள் விடயத்திலுஞ் செயற்படுகின்றது. மீன்பிடியை வாழ்வாகக் கொண்ட இச்சிறு சமூகம், ‘கென்யாவின் மிகச் சிறிய இனம்’, ‘மறைந்துவரும் இனம்’ என விளம்பரப்படுத்தப்படுகின்றது. அவர்களுடைய பழைய குஷித்திய மொழி வழக்கொழிந்தது உண்மையே. இன்று பெரும்பாலோர் பேசுவது சம்புரு மொழி. ஆனால், அயலவருடன் மணவுறவு கொண்டு, அவர்தம் மொழியை ஏற்றுத் தொடர்ந்து வாழ்ந்த ஒரு சமூகத்தை மறைந்துவருவதாகக் கூறுவது, மாற்றத்தை மரணமெனக் கொள்ளும் மயக்கமாகும். இம்மயக்கம் விலைபோகக் கூடியது. இறுதியாகக் காண்பதற்கு எஞ்சியிருப்பது என்றால், பயணி விரைந்து வருவான் அன்றோ?

எனினும், ஆட்டம் அனைத்தையும் போலியென ஒதுக்குவதும் அத்துணை எளிய தவறே. ஏரியின் தென்கீழ்க் கரையிலுள்ள லொயங்கலானியில் 2008 இல் ஆரம்பமான பண்பாட்டு விழாவை இங்கு கருதவேண்டும். இப்பிரதேசத்தில் மேய்ச்சல் நிலத்துக்கும் நீருக்கும் கால்நடைக்குமாக நிகழும் மோதல்கள் கொடியவை. 2005 யூலையில் மார்சபிற் மாவட்டத்துத் துர்பிக் கிராமத்தில் கப்ரா மக்கள் பலர் கொல்லப்பட்டனர். பள்ளிச் சிறாரும் அவர்களுள் அடங்குவர். இத்தகைய நிலத்தில், பத்துக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் ஓரிடத்திற் கூடி, ஒருவர் ஆடலை மற்றவர் காண்பது அற்பமான செயலன்று. அங்கு முதன்மைப் பார்வையாளன் வெளிநாட்டுப் பயணியல்லன், அயற் குழுவினனே. மேயர்ஸ் பண்ணைக்கும் லொயங்கலானிக்குமுள்ள வேறுபாடு இதுவே.

ஆயின், மேடையில் இடம்பெறாதவை யாவை? லொயங்கலானிக்குத் தெற்கே 365 காற்றுச் சுழலிகள் 310 மெகாவாற் மின்வலுவுக்கென நிறுவப்பட்டன. 2019 இல் அத்திட்டம் விழாவெடுத்துத் திறந்துவைக்கப்பட்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 150,000 ஏக்கர் சமூக நிலத்தின் உறுதிகள் முறைகேடாகப் பெறப்பட்டன என 2021 இல் மேரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுழலிகளை ஏற்றிச் செல்லச் சீரமைத்த 208 கிலோமீற்றர் வீதி, பயணிக்கும் வழியாயிற்று. ஏரிக்கு வரும் நீரில் 80 வீதத்துக்கு மேல் தருவது எத்தியோப்பியாவின் ஓமோ நதி. அதன்மீது கட்டப்பட்ட கிபே மூன்றாம் அணை 2016 இல் திறக்கப்பட்டது. 2018 இல் யுனெஸ்கோ துர்க்கானாத் தேசியப் பூங்காக்களை ஆபத்திலுள்ள உலக மரபுரிமைகளுட் சேர்த்தது. நீர் வற்றும் என்ற அச்சம் ஒருபுறமிருக்க, பின்வந்த ஆண்டுகளில் மழைமிகுதியால் ஏரி பெருகி, எல் மோலோ மக்களின் கொமொற்றேக் குடியிருப்பைக் கரையினின்றும் துண்டித்தது.

இவற்றை நோக்கும்போது ஒரு முரண்பாடு வெளிப்படுகின்றது. ஆடையும் அணியும் ஆடலும் அம்மக்களுடையவை என எல்லோரும் ஒப்புவர். நிலமும் நீரும் அவர்களுடையவை என்னுமிடத்தில் வழக்கு எழுகின்றது. பண்பாட்டை வாழ்வின் அடித்தளத்தினின்றும் பிரித்தெடுத்துப் போற்றுதல், அடித்தளத்தைப் பறிப்போர்க்கும் இசைவான போற்றுதலாகும்.

எனவே, பண்பாட்டு உல்லாசப் பயணத்தை அளக்கவேண்டிய கோல் வேறு. காட்சியின் நாளையும் கட்டணத்தையும் தீர்மானிப்போர் யாவர்? புகைப்படத்துக்கு மறுப்புக் கூறும் உரிமை உண்டா? கைக்கடிகாரத்துடன் ஆட இடமுண்டா? விழாவில் முன்வரிசைக்கு அழைக்கப்படும் முதியோர், நிலம் பற்றிய பேச்சுவார்த்தைக்கும் அழைக்கப்படுகின்றனரா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையே அவ்விழாவின் தரத்தை நிர்ணயிக்கும். ஆடலின் தொன்மை அதனை நிர்ணயிக்காது.