அடிக்காமல் நிற்பவனே நம் பலம்

பண்டார் தெங்காராவில் ஹாக்கி பேசும் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் இந்தப் பருவம் முழுக்க ஒரே குறைதான்: "அவன் ஏன் அடிக்கல?" கல்லூரி அணியின் வலது ஓரத்தில் ஓடும் நம் ஊர்ப் பையனைப் பற்றிய பேச்சு இது. பந்தைக் கோட்டோரமாகக் கொண்டுபோகிறான், கோல் முன்னுள்ள டி அரைவட்டத்துக்குள் நுழைகிறான், கோல் கண்ணெதிரே தெரிகிறது, அங்கே அரை விநாடி நிற்கிறான். அடிப்பதும் இல்லை, குறுக்கே தள்ளுவதும் இல்லை. பார்ப்பவர்கள் கத்துகிறார்கள். தடுப்பாளர் நெருங்குகிறார், பந்து அவர் காலில் படுகிறது, நடுவர் இரு கைகளையும் கோல் பக்கம் நீட்டுகிறார். பெனால்டி கார்னர். பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கில் கோல் விழுந்தால் கைதட்டல் மொத்தமும் ஃபிளிக் போட்டவருக்கு. விழாவிட்டால் திட்டு மொத்தமும் அடிக்காமல் நின்றவனுக்கு.

இந்தக் கணக்கு தலைகீழானது. நம் அணியின் பெரிய பலம் டிராக் ஃபிளிக் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த ஃபிளிக்கருக்கு வேலை கொடுப்பவன்தான் பெரிய பலம் என்கிறேன் நான். அவன் நிற்பது தயக்கத்தால் அல்ல. அந்த நேரத்தில் டி-க்குள் எடுக்கக்கூடிய முடிவுகளில் மிகச் சரியானதை எடுக்கிறான்.

அவன் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. எல்லாரும் வலக்கைப் பிடியில்தான் ஆட வேண்டும். நமக்கு வலது ஓரம் என்றால் எதிரே நிற்கும் தடுப்பாளருக்கு அது இடது. அங்கே பந்தைத் தொட அவர் மட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். பிடி பலவீனமாகிறது, எட்டும் தூரம் குறைகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. கோலையும் மறைத்தாக வேண்டும் என்பதால் பாதங்கள் பந்தின் வழியில் வந்து நிற்கின்றன. குறுகிய கோணத்தில் அவசரமாக அடித்திருந்தால் கோல்காவலரின் கால்கவசத்தில் பட்டுப் பந்து வெளியே போயிருக்கும். அரை விநாடி பொறுத்ததால் தடுப்பாளர் தானாகவே தவறு செய்கிறார். செம்பனைத் தோட்டத்தில் வேலை தெரிந்தவர் மரத்தடியில் உதிரிப் பழம் கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குலையில் கை வைப்பார். இவன் பொறுமையும் அந்த வகைதான்.

இந்தப் பழக்கம் செயற்கைத் திடலில் மட்டும் வளர்ந்தவர்களுக்கு எளிதில் வராது. மேடுபள்ளமான புல்லில் பந்து எப்போது துள்ளும் என்று தெரியாது. அதனால் மட்டையோடு ஒட்டி வைத்துக்கொள்ளக் கை பழகிவிடும். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணம் நடந்தபோது ஆட்டம் புல்லில்தான். நம் தேசிய அணி நான்காம் இடம் பிடித்தது, இன்றுவரை உலகக் கிண்ணத்தில் அதுவே அதன் உச்சம். மறு ஆண்டே மொண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடல் வந்தது. வேகமும் ஓட்டமும் பெரிதாகின. புல்லில் கற்ற பொறுமைக்கு இனி வேலை இல்லை என்று அன்று முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேலை இருக்கிறது என்பதற்கு இவன் ஒருவனே போதும்.

காலைத் தேடி அடிப்பது குறுக்குவழி என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஐந்து மீட்டருக்குள் நிற்பவர் மேல் பந்தைத் தூக்கி அடித்தால் அது ஆபத்தான ஆட்டம், விசில் நமக்கு எதிராகவே ஊதப்படும். இவன் பந்தைத் தரையிலிருந்து எழுப்புவதே இல்லை. மட்டைக்கு முன்னால் பந்தை நகர்த்திக்கொண்டே இருக்கிறான். கால்தான் பந்தைத் தேடி வருகிறது.

நம் உண்மையான பலவீனம் பயிற்றுநரின் பெஞ்சில் இருக்கிறது. ஹாக்கியில் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்டுவிட்டால் அது முடியும்வரை மாற்ற முடியாது. காயம்பட்ட அல்லது அட்டை வாங்கி வெளியேறிய தடுக்கும் அணிக் கோல்காவலருக்கு மட்டுமே விலக்கு. நம்மிடம் நம்பி நிறுத்தக்கூடிய ஃபிளிக்கர் ஒருவர்தான். அவர் பெஞ்சில் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் இவன் கார்னர் வாங்கிக் கொடுத்தால் அது பாதி வீண். இந்தப் பருவத்தில் அது திரும்பத் திரும்ப நடந்தது. இருவரும் சேர்ந்தே உள்ளே வர வேண்டும், சேர்ந்தே வெளியே போக வேண்டும். ஒருவருக்கு ஓய்வு தேவைப்படும்போது மற்றவரையும் உட்கார வையுங்கள். 15 நிமிடக் காற்பகுதிகள் நான்கு இருக்கின்றன. இதற்கு இடம் தாராளமாக உண்டு. இதைச் செய்யாமல் பையனுக்குத் துணிச்சல் இல்லை என்று பேசுவது அநியாயம்.

இனி வெளியேற்றும் சுற்றுகள். காலிறுதியை நாம் தாண்டுவோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரையிறுதியில்தான் கடினம். பண்டார் பெனாவார், புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிகளில் வளர்ந்த கால்கள் எதிரணியில் இருக்கும். கார்னரைத் தடுக்கக் கோல்காவலரோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் அனுமதி. அந்த ஐவரில் முதலில் பாய்ந்து வருபவர் முகக்கவசத்தோடு நேராக நம் ஃபிளிக்கரின் காலடிக்கே வந்துவிடுவார். ஒரே வகை ஃபிளிக்கை நம்பினால் அங்கே மாட்டிக்கொள்வோம். பந்தை நிறுத்துபவர் இடப்பக்கம் நழுவவிட்டு, கோல் தூண் அருகே ஒருவர் மட்டையை வைத்துத் திருப்பும் இரண்டாவது வழியை இன்றே பயிற்சி செய்தாக வேண்டும்.

திடலும் மாறும். 2011-இல் தொடங்கிய சுல்தான் ஜொகூர் கிண்ணத்தால் நாம் நன்கறிந்த தாமான் டாயா அரங்கைப் போல, நீர் தெளித்த திடலில் பந்து பறக்கும். அங்கே நல்ல தடுப்பாளர் காலைக் கொண்டுவர மாட்டார். மட்டையைத் தரையோடு படுக்கவைத்துக் காத்திருப்பார். நம் பையனின் அரை விநாடி அங்கே கால் விநாடியாகச் சுருங்கும். காலில் பட்டதால் பலன் எதுவும் இல்லை என்று நடுவர் கருதினால் ஆட்டத்தைத் தொடரவும் விடுவார், அதற்கு விதியில் இடம் இருக்கிறது. அதனால் முதல் காற்பகுதியிலேயே இருமுறை அவன் நிற்காமல் நேராகக் குறுக்கே தள்ள வேண்டும். தள்ளுவான் என்ற பயம் தடுப்பாளருக்கு வந்துவிட்டால், மூன்றாம் காற்பகுதியில் கால் தானாக வரும். அவனுக்கு இது தெரியும் என்றே நம்புகிறேன்; கடைசியாக ஆடிய லீக் ஆட்டங்களில் அந்த மாற்றத்தின் சாயல் தெரிந்தது.

ஆட்டம் சமநிலையில் முடிந்தால்? எனக்கு அதில் கவலை இல்லை. 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு விநாடிக்குள் கோல்காவலரை ஏமாற்ற வேண்டிய அந்த மோதலில் தோற்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது விநாடியிலேயே அடித்துவிடுபவர்கள். கோல்காவலர் முதலில் விழும்வரை பொறுப்பவர் வெல்வார். நம் அணியில் அப்படிப் பொறுக்கத் தெரிந்தவன் யார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாய்ப்பை அவனுக்கே கொடுங்கள். கூட்டம் கத்தட்டும், அவன் நிற்கட்டும். பயிற்றுநர் அந்த இருவரையும் பிரிக்காமல் ஆடவிட்டால் நாம் இறுதியாட்டத்தில் இருப்போம். பிரித்தால் அரையிறுதியோடு வீடு திரும்புவோம்; அப்போதும் பழியை அவன் மேல் போடாதீர்கள்.