பக்கம் பிரியாத இசை

கிழக்கும் மேற்கும் கைகோத்தன என்று எழுதிவிட்டால் விமர்சனம் முடிந்துபோகிறது. ஜப்பானியப் பாடகி, பியானோ கலைஞர் அகிகோ யானோவின் முதல் இசைத்தட்டிலேயே (1976) இப்படியொரு பாகப்பிரிவினை இருந்தது: ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் ஜப்பான். அமெரிக்க கிதார் கலைஞர் மார்க் ரீபோவுடன் 2008இல் 'அகிகோ' தொகுப்பிலும் பிறகு மேடையிலும் அவர் சேர்ந்தபோது இந்தக் கணக்கு உதவவில்லை. யானோ 1990இல் நியூயார்க்கில் குடியேறியவர். ரீபோ கிதார் பயின்றது ஹைத்தியரான ஃபிரான்ஸ் காஸேயுவிடம். யார் கிழக்கு, யார் மேற்கு?

யானோவின் குரலும் பியானோவும் தம்மளவில் நிறைவானவை, பக்கவாத்தியம் கேட்காதவை. அதனாலேயே ரீபோ ஒத்து ஊதுவதில்லை. கரகரத்த தொனியில் குறுக்கே பேசுகிறார், சட்டென்று மௌனமாகிறார். பாட்டு சிதறாமல் விழித்துக்கொள்கிறது. இந்த உராய்வு இருக்கும்வரைதான் இருவர் சேர்ந்து வாசிப்பதற்கு அர்த்தம் உண்டு என்று எனக்குப் படுகிறது.