பிரித்தெடுக்கும் செலவை யார் கணக்கில் எழுதுவது?

கழிவுநீரையும் காய்கறிக் குப்பையையும் நுண்ணுயிர்களிடம் விட்டால் எரிவாயு, எத்தனால், பியூட்டனால், லாக்டிக் அமிலம், மட்கும் பிளாஸ்டிக் என எதை வேண்டுமானாலும் பெறலாம் என்ற பேச்சு ஆய்வுக்கூடங்களிலும் அரசுத் திட்டங்களிலும் பரவலாகக் கேட்கிறது. உயிரியல் அளவில் இது உண்மைதான். ஆனால் இவை அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தவறு. நுண்ணுயிர் எதை உண்டாக்குகிறது என்பதைவிட, உண்டான பொருள் தண்ணீரை விட்டு எப்படி வெளியே வருகிறது என்பதே தொழில் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. மீத்தேன் குமிழியிட்டுத் தானே மேலே வந்துவிடும். மற்றவற்றில் பெரும்பாலானவை தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. முதல் உலகப் போரில் கார்டைட் வெடிமருந்து செய்ய பிரிட்டனுக்கு அசிட்டோன் தேவைப்பட்டது. கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாவால் மாவுச்சத்தைப் புளிக்கவைத்து அசிட்டோனும் பியூட்டனாலும் எடுக்கும் முறையை வேதியியலாளர் சைம் வைஸ்மன் ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1917இல் தானியத் தட்டுப்பாடு வந்தபோது, அதற்குப் பதிலாக உண்ண உதவாத மரக்கொட்டைகளைப் பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கவைத்தார்கள். போர் முடிந்த பிறகும் பல நாடுகளில் வளர்ந்த இத்தொழில், பெட்ரோலிய ரசாயனம் மலிந்ததும் அடுத்தடுத்து மூடப்பட்டது. பியூட்டனால் கரைசலில் 2 சதவீதத்தை நெருங்குவதற்குள் தன்னை உண்டாக்கிய பாக்டீரியாவையே முடக்கிவிடும். எஞ்சிய தண்ணீர் முழுவதிலிருந்தும் அதைக் காய்ச்சிப் பிரிக்க வேண்டும். வேற்றுக் கிருமி நுழையாமல் தொட்டியைக் காப்பது தனிச் செலவு. போர்க்காலத்தில் விலை பார்க்க யாரும் இல்லை; அமைதிக்காலத்தில் பார்த்தார்கள்.

சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் நடப்பது வேறு. மரவள்ளிக் கிழங்கைக் கழுவி அரைத்து மாவு எடுத்தபின் வரும் கழிவுநீர், மாவுச்சத்தும் நாற்றமுமாக ஓடைகளையும் ஏரிகளையும் கெடுத்துவந்தது. அதை மூடிய தொட்டிகளில் தேக்கி, வரும் வாயுவை ஆலைத் தேவைக்கே எரிக்கும் முறையைப் பல ஆலைகள் ஏற்றன. கழிவு ஒரே வகை, கிடைப்பது ஒரே இடம், வாயுவுக்கு வாங்குபவர் ஆலையே. சாணத்திலும் சேற்றிலும் இயல்பாக வாழும் கலப்பு நுண்ணுயிர்க் கூட்டமே வேலையைச் செய்வதால் கிருமி நீக்கமும் தேவையில்லை. குறைகளும் உண்டு. கழிவை அளவுக்கு மீறி ஊட்டினால் அமிலம் தேங்கி மீத்தேன் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடும். வாயுவில் கலந்துவரும் ஹைட்ரஜன் சல்பைடு அதை எரிக்கும் எஞ்சினை அரிக்கும். தொட்டி கசிந்தால் நன்மையே தலைகீழாகும்: 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். இவை கவனமாகப் பராமரித்தால் தீரக்கூடியவை. பிரிக்கப்படாத நகரக் குப்பை அப்படியல்ல. அதில் கலந்த பிளாஸ்டிக்கும் மணலும் தொட்டியை அடைப்பதோடு, எஞ்சும் குழம்பை உழவர் வாங்க முடியாத சரக்காக்கிவிடும். 2018இல் மத்திய அரசு அறிவித்த ‘சதத்’ திட்டம் 2023க்குள் 5,000 அழுத்த உயிர்வாயு ஆலைகள் என்று இலக்கு வைத்தது. எழுந்தவை அதில் மிகச் சிறு பங்கே. பழியை நுண்ணுயிர் மேல் போட முடியாது.

மீத்தேன் மலிவான பொருள், எரித்தால் தீர்ந்தது, ரசாயனத்துக்கே நல்ல விலை என்பது வலுவான மறுப்பு. கலப்புக் கூட்டமே உண்டாக்கக்கூடிய கேப்ராயிக் அமிலம் எண்ணெய்த் தன்மை கொண்டது, நீரில் குறைவாகவே கரைவது என்றும் சுட்டிக்காட்டுவார்கள். சரிதான், ஆனால் அந்த எடுத்துக்காட்டு என் வாதத்தையே உறுதிசெய்கிறது. எளிதில் பிரிவதால்தான் அது நம்பிக்கை தருகிறது. விலை கூடிய பொருளுக்குச் சீரான மூலப்பொருளும் தூய்மையும் வேண்டும். குப்பை இரண்டையும் தராது. ஆகவே பொதுப்பணம் முதலில் சேகோ, பால், சாராய ஆலைக் கழிவுநீரிலிருந்து வாயு எடுக்கப் போகட்டும். ரசாயனம் எடுக்க விரும்புவோர் மீத்தேன் தொட்டிக்கு முன்னால் ஒரு தொட்டி வைத்து, பிரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்குக் காட்டிய பிறகு மானியம் கேட்கட்டும்.